கிளாஸ் லாக்கர் சொரசொரப்பாகக் காய்கிறது: காய்வதை மெதுவாக்கும் ரிட்டார்டர் எவ்வளவு கலக்கலாம்?

நண்பர்களே, 1/24 அளவு பிளாஸ்டிக் மாடல் கார் பாடிக்கு ஏர்பிரஷில் கிளாஸ் கருப்பு லாக்கர் அடிப்பதில் ஒரு சிக்கல். பானெட்டும் கூரையும் கண்ணாடி மாதிரி வருகின்றன. கதவின் கீழ்ப்பகுதியும் வீல் ஆர்ச்சைச் சுற்றிய இடமும் மட்டும் சொரசொரப்பு.

0.3 மி.மீ. நாசில், 15 பிஎஸ்ஐ காற்றழுத்தம் (டிரிகரை அழுத்திக் காற்று ஓடும்போது ரெகுலேட்டர் காட்டும் அளவு), ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு வேகமாகக் காயும் லாக்கர் தின்னர், தூரம் 10 செ.மீ. பிரைமரை 2000 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தாயிற்று. அடியில் குறை இல்லை.

இது டிரை ஸ்ப்ரேதான் என்று நினைக்கிறேன். வளைவுக்குள் ஏர்பிரஷை நேராகக் காட்ட முடியாததால் தூரம் கூடி, துளிகள் போய்ச் சேருமுன்பே பாதி காய்ந்துவிடுகின்றன. மேற்பகுதிக்கு அடிக்கும்போது பறக்கும் துகளும் அங்கேதான் படிகிறது. சரி, ஈரமாக அடிக்கலாம் என்றால் கூர்மையான விளிம்புகளில் பெயிண்ட் விலகிப் பிரைமர் தெரிகிறது. புட்டி வைத்த இடத்தில் தின்னர் ஊறி ஓரம் கோடாக எழும்புகிறது.

ரிட்டார்டர் கலந்த லெவலிங் தின்னருக்கு (பெயிண்ட் சமமாகப் பரவ உதவுவது) முழுவதும் மாறுவதா, கடைசிக் கோட்டுக்கு மட்டும் தின்னரில் 5 சதவீதம் ரிட்டார்டர் சேர்த்தால் போதுமா? ஈரப்பதமான நாளில் வெண்மை படர்வதையும் அது குறைக்கும். ஆனால் மெதுவாகக் காயும் கரைப்பான், பிரைமர் மெலிந்த விளிம்புகளில் பாடியின் பாலிஸ்டிரீன் பிளாஸ்டிக்கை அரித்துவிடுமோ என்பதுதான் தயக்கம்.

கீழ்ப்பகுதியை முதலில் முடித்துவிட்டு மேலே போகிறவர்கள், இடையில் எவ்வளவு நேரம் விடுகிறீர்கள்? (ஆவி வடிகட்டும் மாஸ்க்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இருக்கின்றன, அந்த அறிவுரை வேண்டாம்.)