டைரக்ட்எக்ஸ் 12க்கு மாற்றியும் சிவ் 6இல் டேர்ன் முடிய ஏன் இவ்வளவு நேரம்?

கொக்குவில்_பெடியன்:

எல்லோருக்கும் வணக்கம். சிவிலைசேசன் 6 (சிவ் 6) விளையாடுகிறேன், நாடுகள் முறை வைத்து ஆடுகிற உத்தி விளையாட்டு, ஒரு முறைதான் ஒரு டேர்ன். ஹியூஜ் மப் (மிகப் பெரிய வரைபடம்), 12 நாடுகள், அதற்கு மேல் நகர அரசுகள் வேறு. தொடக்கத்தில் பறக்கிறது. 200ஆவது டேர்ன் தாண்டிவிட்டால் ‘நெக்ஸ்ட் டேர்ன்’ அழுத்திவிட்டு எழும்பிப் போய் ஒரு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வரலாம், வந்து பார்த்தாலும் பொறு பொறு என்றுதான் நிற்கும்.

மெசின் இதுதான்: ரைசன் 5 2600 சிபியு (மைய புரொசசர்), பி450 மதர்போர்ட், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட் (ஜிபியு), 1080பி மொனிட்டர். டைரக்ட்எக்ஸ் 12 (விளையாட்டு கிராபிக்ஸ் கார்ட்டோடு பேசுகிற மென்பொருள் வழி) லோ லெவல், அதாவது கார்ட்டுக்குக் கிட்ட நின்று பேசும், அதனால் சிபியு சுமை குறையும் என்று எல்லா இடமும் எழுதிக் கிடக்கிறது, அதை நம்பி மாற்றினேன். மப்பை இழுக்கும்போது கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறதுதான், ஆனால் டேர்ன் நேரம் அசையவில்லை. அந்த நேரத்தில் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால் சிபியு 15 வீதம்கூட இல்லை, ஜிபியுவும் சும்மா கிடக்கிறது. ரெண்டு பேரும் சும்மா இருந்தால் யார்தான் வேலை செய்கிறார்கள்?

ரொறன்ரோ மாமா நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார், ஏதும் கொண்டு வரவோ என்று கேட்டிருக்கிறார். நல்ல கிராபிக்ஸ் கார்ட் ஒன்று கேட்கலாம் என்று இருக்கிறேன். பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தேன், அவர்களும் கார்ட்டைத்தான் மாற்றச் சொல்கிறார்கள். சரியோ?

வல்லைவெளி:

கார்ட் கேட்காதே தம்பி, காசு வீண்.

முதலில் அந்த 15 வீதக் கணக்கு. 2600இல் 6 கோர் (கணக்குப் போடுகிற பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை). ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் டாஸ்க் மனேஜர் அதை 12இல் ஒரு பங்காக, அதாவது 8 வீதம் சொச்சமாகத்தான் காட்டும். மிச்சம் சில்லறை வேலைகள். சரி, கோர் கோராகப் பிரித்துப் பார்க்கிறேன் என்று வரைபடத்தை மாற்றினாலும் எந்தக் கோரும் 100இல் நிற்காது, ஏனென்றால் விண்டோஸ் அந்தத் திரெட்டை ஒரு கோரில் வைத்திருக்காமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும், சுமை எல்லாக் கோரிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவித் தெரியும். அதனால்தான் சும்மா இருக்கிற மாதிரித் தோற்றம். கடைக்காரர்களும் இந்த மொத்த வீதத்தைப் பார்த்துவிட்டு ‘சிபியு ஓகே, கார்ட் போடுங்கோ’ என்கிறார்கள்.

நீயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சேவ் ஃபைலைத் திறந்து, ரெசலூசனை 720க்கு இறக்கி, கிராபிக்ஸ் எல்லாவற்றையும் லோவில் வைத்து டேர்னை முடி. அதே நேரம்தான் எடுக்கும். ஜிபியுவுக்கும் அந்தக் காத்திருப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உன்னைக் காக்க வைப்பது ஏஐ, அதாவது கணினி ஆடுகிற நாடுகளின் யோசனை. விளையாட்டுக்குள்ளேயே பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) ரெண்டு இருக்கிறது, கிராபிக்ஸுக்கு ஒன்று, ஏஐக்கு ஒன்று. அவர்களே ஏன் பிரித்து வைத்தார்கள் என்று யோசி.

பனங்கொட்டை:

வல்லைவெளி அண்ணை சொன்னது சரி, ஆனால் டைரக்ட்எக்ஸ் 12ஐ அப்படியே ஒதுக்கிவிட ஏலாது. அது எந்தச் சுமையைக் குறைக்க வந்தது என்று பார்க்க வேண்டும்.

திரையில் ஒரு பொருளை வரைய சிபியு ஜிபியுவுக்கு ஒரு கட்டளை கொடுக்க வேண்டும், அதுதான் டிரோ கோல். டைரக்ட்எக்ஸ் 11இல் ஒவ்வொரு கட்டளைக்கும் டிரைவர் (கார்ட்டை இயக்குகிற மென்பொருள்) நடுவில் நின்று நிலை சரியா, எந்த நினைவகம் எப்போது யாருக்கு, இந்தச் சேடர் (நிறம், ஒளி கணக்கிடுகிற சிறு நிரல்) இதோடு பொருந்துமா என்று பார்த்துப் பார்த்துத்தான் அனுப்பும். அதில் பெரும்பகுதி ஒரே திரெட்டில். கலியாண வீட்டுப் பந்தியில் ஒரே ஆள் ஒவ்வொரு இலைக்கும் சமையலறைக்குப் போய் வந்து பரிமாறுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 12இலும் அதே வகையான வல்கனிலும் அந்தச் சரிபார்ப்புகளில் நிறைய முன்கூட்டியே ஒருதரம் முடிந்துவிடும், கட்டளைப் பட்டியலைப் பல திரெட்டுகள் ஒரே நேரத்தில் எழுதி வைத்துவிட்டு மொத்தமாகக் கையளிக்கலாம். நினைவகத்தை மேய்க்கிற பொறுப்பு டிரைவரிடமிருந்து விளையாட்டை எழுதுகிறவர் தலைக்கு மாறும். அவர் சரியாகச் செய்யாவிட்டால் 12 பழையதைவிட மெதுவாகவும் ஓடும், அப்படி எத்தனையோ விளையாட்டுகளைப் பார்த்தாயிற்று.

சிவ் மாதிரி விளையாட்டுக்கு இது சின்ன விசயம் இல்லை. கமராவை மேலே தூக்கினால் காடு, மலை, வயல், டிஸ்ட்ரிக்ட், படை எல்லாம் ஒரே பார்வைக்குள் வந்துவிடும், ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டளை கேட்கும். நல்ல கார்ட் இருந்தும் கட்டளை வந்து சேராமல் அது பட்டினி கிடக்கும். சிவ் எழுதுகிற ஃபிராக்சிஸ்காரர் இதோடு கனகாலமாக மல்லுக்கட்டுகிறார்கள். 2010இல் சிவ் 5 வந்தபோதே டைரக்ட்எக்ஸ் 11இல் பல திரெட்டுகளில் கட்டளை எழுதுகிற வசதியைப் பயன்படுத்தினார்கள், டிரைவர்கள்தான் ஒழுங்காக ஒத்துழைக்கவில்லை. பிறகு 2014 ஒக்டோபரில் வந்த பியோண்ட் ஏர்த் என்கிற சிவ் விளையாட்டுக்கு ஏஎம்டியின் மாண்டில் என்கிற, இதே மாதிரி வழியைச் சேர்த்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது, ரெண்டு கார்ட் போட்டவர்களுக்குப் பிரேமை (திரையில் அடுத்தடுத்து வருகிற ஒவ்வொரு படத்தையும்) மாறி மாறிக் கொடுக்காமல் ஒவ்வொரு பிரேமையும் ரெண்டாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பிரேம் எண்ணிக்கையில் பெரிதாகத் தெரியாது, மவுசுக்கு உடனே பதில் வரும். மாண்டில் பிறகு வல்கனுக்கு அடிப்படையாகப் போனது, வல்கன் 1.0 வந்தது 2016 பெப்ரவரி.

ஆக மப் வழுக்கிக்கொண்டு போகிறது என்று நீங்கள் சொன்னது பிரமை இல்லை.

கொக்குவில்_பெடியன்:

விளங்குது அண்ணை. அப்ப அந்த ஏஐயையும் 12 திரெட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன? 2016 விளையாட்டுத்தானே, பல கோர் வந்து எவ்வளவு காலம்.

வல்லைவெளி:

எல்லாரும் கேட்கிற கேள்வி. பிரிக்கலாம், ஓரளவுக்கு. முதலாவது நாடு தன் படையை ஒரு அறுகோணத்தில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் ரெண்டாவது நாடு அந்த இடம் காலியா இல்லையா என்று தெரிந்து முடிவெடுக்க முடியும். ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஓட விட்டால் ரெண்டு படை ஒரே கட்டத்தில் வந்து நிற்கும், அல்லது ஏற்கனவே விழுந்த நகரத்தை இன்னொருவர் முற்றுகையிடப் போவார். பூட்டுப் போட்டுப் போட்டுத் தடுக்கலாம், ஆனால் பூட்டுக்காகக் காத்து நிற்பதிலேயே மிச்சம் பிடித்த நேரம் போய்விடும். ஒரு நாட்டுக்குள் பாதை தேடுவது, எந்த இடத்தில் நகரம் வைப்பது என்று மதிப்பிடுவது போன்றவற்றைப் பிரிக்கலாம். ஆனால் வரிசையாகத்தான் நடக்க வேண்டும் என்கிற பகுதி எவ்வளவோ, அதற்குக் கீழே எத்தனை கோர் போட்டாலும் நேரம் இறங்காது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டுப் போனது.

இன்னொன்று, பாதை தேடுவது பெருக்கல் கூட்டல் வேலை இல்லை. இந்தக் கட்டத்தின் தகவலை எடு, அதன் பக்கத்துக் கட்டத்தை எடு, அங்கே யார் நிற்கிறான் பார், திரும்பு. ஒவ்வொன்றும் நினைவகத்தில் வேறு வேறு மூலையில் கிடக்கும். கேச்சில் (சிபியுவுக்குள் இருக்கிற சின்ன, வேகமான நினைவகம்) இல்லாவிட்டால் ரேம் வரை போய் வர வேண்டும், அதுவரைக்கும் கோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். டாஸ்க் மனேஜருக்கு அதுவும் ‘வேலை’தான். 200ஆவது டேர்னுக்குப் பிறகு படைகளும் நகரங்களும் பெருகிவிடும், நேரமும் கூடவே ஏறும். இதில் டைரக்ட்எக்ஸ் மாதிரி கிராபிக்ஸ் ஏபிஐ எங்கே வருகிறது? வராது.

சுன்னாகம்_மின்னல்:

லாப்டொப்பில் விளையாடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு, கேள்வி கேட்டவருக்கு இல்லை. நிறைய லாப்டொப்புகளில் சிபியுவுக்கும் ஜிபியுவுக்கும் ஒரே வெப்பக் குழாய். பிரேமுக்கு வரம்பு வைக்காமல் விட்டால் ஜிபியு தேவையில்லாமல் நூறு பிரேம் வரைந்து சூடேற்றும், அந்தச் சூட்டில் சிபியு வேகத்தை இறக்கும், டேர்ன் நீளும். 40 பிரேமில் பூட்டிவிடுங்கள், இந்த மாதிரி விளையாட்டுக்கு அது தாராளம். சித்திரை வெய்யிலில் மின்விசிறிக்குக் கீழே இருந்தும் என்னுடையது கொதித்துக்கொண்டிருந்தது, பூட்டிய பிறகு டேர்ன் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. கரண்ட் போய் பற்றரியில் ஓடும்போது டேர்ன் நேரத்தை அளக்காதீர்கள், அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

பனங்கொட்டை:

மாமா விசயத்துக்கு வருவோம். பி450 போர்ட் என்பதால் அதிர்ஷ்டம், பயோஸ் (போர்ட்டை எழுப்பிவிடுகிற மென்பொருள்) புதுப்பித்தால் 5000 தொடர் ரைசன் போடலாம். ரைசன் 5 5600 போதும் என்பேன், 2600ஐவிட ஒரு கோரின் வேகம் நன்றாகக் கூட, கேச் 16 எம்பியிலிருந்து 32 ஆகும். மாமா தாராள மனசுக்காரர் என்றால் 5800எக்ஸ்3டி, 96 எம்பி எல்3 கேச். கார்ட் பெட்டி மாதிரி சூட்கேசில் பாதியைப் பிடிக்காது, சேர்ட் பொக்கெற்றுக்குள் வரும். 5800எக்ஸ்3டிக்குக் கூலர் கூட வராது, தனியாக நல்லது ஒன்று வாங்க வேண்டும், 5600க்குக் கூலர் பெட்டிக்குள்ளேயே வரும்.

கவனம் இரண்டு. பழைய 2600ஐக் கழற்றுவதற்கு முதல், அதை வைத்துக்கொண்டே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும், கழற்றிய பிறகு புது சிபியுவோடு போர்ட் எழும்பாமல் இருக்கலாம். யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்த மாதிரித்தான்.

கொக்குவில்_பெடியன்:

நன்றி அண்ணைமார். 720இல் லோவில் வைத்துப் பார்த்தேன், வல்லைவெளி அண்ணை சொன்ன மாதிரியே ஒரு மாற்றமும் இல்லை. மாமாவுக்கு 5600 என்று எழுதி அனுப்பிவிட்டேன், மற்றதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. அவர் வரும் வரைக்கும் என்ன செய்ய?

வல்லைவெளி:

ஒப்சனில் குயிக் மூவ்மென்ட், குயிக் கொம்பட் ரெண்டையும் ஒன் பண்ணு. நீ காத்திருக்கிற நேரத்தில் ஒரு பகுதி கணக்கே இல்லை, கண்ணுக்குத் தெரிகிற எதிரிப் படைகள் நடந்து வந்து வாள் வீசுகிற அனிமேசன். அடுத்த ஆட்டத்துக்கு ஹியூஜ் வேண்டாம், ஸ்டாண்டர்ட் மப்பில் 8 நாடு போதும், நகர அரசுகளையும் குறை, அவையும் ஒவ்வொரு டேர்னும் யோசிக்கிற ஆட்கள்தான். டைரக்ட்எக்ஸ் 12ஐ அப்படியே விடு, எங்கேயாவது திக்கித் திக்கி நின்றால் மட்டும் 11க்குத் திரும்பிப் பார்.