டிஎல்எஸ் இயக்கினால் கோப்புப் பட்டியல் வராமல் நிற்கும் எஃப்டிபி சர்வர்: உதவி தேவை

வணக்கம். காரைக்குடியில் இருந்துகொண்டு, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கான வடிவப் படங்களை வாடகை சர்வர் ஒன்றில் ஏற்றி வைக்கிறோம். அதில் விஎஸ்எஃப்டிபிடி என்னும் எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) சர்வர் மென்பொருள் இயங்குகிறது. 21-ஆம் போர்ட் வழியாக உள்நுழைவதில் தடையில்லை. ஆனால் டிஎல்எஸ் குறியாக்கத்தை இயக்கினால், கோப்புப் பட்டியலைக் கேட்ட இடத்திலேயே இணைப்பு நின்று, சிறிது நேரத்தில் அறுந்துவிடுகிறது. குறியாக்கம் இல்லாவிட்டால் எல்லாம் சரியாக நடக்கிறது.

பேசிவ் முறைக்கு (கோப்புத் தரவுக்கான இணைப்பை, சர்வர் சொல்லும் போர்ட்டில் பயனர் கணினியே தொடங்கும் முறை) 40000 முதல் 40100 வரையிலான போர்ட்டுகளை அமைப்புக் கோப்பில் குறித்து, சர்வரிலேயே உள்ள ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவிலும் திறந்துவிட்டேன். எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் இணைய வேண்டும் என்று சர்வர் அனுப்பும் 227 பதிலில் பொது ஐபி முகவரியே வருகிறது. கடைசி இரண்டு எண்கள் 156, 80 என்பதால், 156-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 40016, அதாவது திறந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. (இந்தக் கணக்கு பிடிபடவே எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆயிற்று.) முதல் இணைப்பின் டிஎல்எஸ் அமர்வையே தரவு இணைப்பிலும் பயன்படுத்தாதபோது வரும் 522 பிழை வராததால், அமர்வு மறுபயன்பாட்டுச் சிக்கலாகவும் தோன்றவில்லை.

சர்வருக்கு வெளியே வாடகை நிறுவனத்தின் ஃபயர்வால் ஒன்று இருக்கிறது. குறியாக்கம் இல்லாதபோது அது 227 பதிலைத் தானே படித்து உரிய போர்ட்டைத் திறந்துவிடுகிறது, குறியாக்கம் வந்ததும் படிக்க இயலாமல் தடுக்கிறது என்பது என் சந்தேகம். அவர்களோ எல்லாம் திறந்தே இருக்கிறது என்கிறார்கள். வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் எதைக் கவனித்தால், பாக்கெட் சர்வர் வரை வந்துசேரவில்லை என்பதை அவர்களிடம் ஐயமின்றிக் காட்டலாம்? பட்டறையில் உள்ள பழைய மென்பொருளுக்கு எஃப்டிபிஎஸ் (டிஎல்எஸ் சேர்ந்த எஃப்டிபி) வரைதான் தெரியும் என்பதால், எஸ்எஸ்எச் வழியாக இயங்கும் எஸ்எஃப்டிபிக்கு மாறும் யோசனை இப்போதைக்கு உதவாது.