விசுவாசத்துக்குள் வராத வீட்டாருக்காக ஜெபிக்க ஏழு பேர் வேண்டும்

குழுவிலுள்ள அனைவருக்கும் ஸ்தோத்திரம். இன்னும் ஆண்டவரை அறியாத நம் குடும்பத்தாருக்காகத் திறப்பிலே நிற்க, அதாவது அவர்கள் சார்பில் பரிந்து மன்றாட, ஏழு பேர் தேவை. ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள், பதினைந்து நிமிடம்.

ஒருவருக்கு மூன்று பெயர் போதும். பட்டியல் நீண்டால் பெயரை வாசிப்பதோடு ஜெபம் நின்றுவிடும். "இரட்சியும்" என்று மட்டும் சொல்லாமல் வசனத்தைப் பிடித்துக் கேளுங்கள்: மனக்கண் திறக்க 2 கொரிந்தியர் 4:4-6, கல்லான இருதயம் மாற எசேக்கியேல் 36:26. பவுல் பேசியதைக் கேட்ட லீதியாள் என்ற பெண்ணின் இருதயத்தைத் திறந்ததுபோல (அப்போஸ்தலர் 16:14) இவருடையதையும் திறந்தருளும் என்று பெயர் சொல்லியே கேட்கலாம். அறுப்புக்கு வேலையாட்களை அனுப்பும்படி வேண்டச் சொல்லும் மத்தேயு 9:38ஐ விட்டுவிடாதீர்கள். வீட்டாராகிய நாம் சொல்லி அவர் காதில் ஏறாதது, அவர் மதிக்கும் வேறொருவர் சொன்னால் ஏறும். அந்த ஒருவரை அனுப்பும்படி கேளுங்கள்.

ஜெபம் கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான். அவருடைய குடியையும் கோபத்தையும் புகாராக அடுக்கத் தொடங்குவோம், இரண்டே நிமிடத்தில் மனம் கசந்துவிடும். ஆகவே முதலில் அவருக்காக ஒரு நன்றி சொல்லுங்கள். குழுவில் பெயரின் முதல் எழுத்து மட்டும் போடுங்கள், வீட்டு ரகசியம் வேண்டாம்.

பிற்காலத்தில் பெரிய சபைப் போதகரான அகஸ்டின் கி.பி. 387இல் ஞானஸ்நானம் பெறும்வரை தாய் மோனிக்கா பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தார். இப்படிப்பட்ட நீண்ட காத்திருப்பில் சோர்ந்துபோகாமல் உங்களைத் தாங்கும் வசனம் எது? எந்தக் கிழமையை எடுத்துக்கொள்வீர்கள்? இரண்டையும் தயவுசெய்து எழுதுங்கள்.