திறந்தவெளியில் புகைக்கத் தடை: முழுதாகவா, எல்லை வகுத்தா?

வளாகக்குழு:
அலுவலக வளாகத்துக்குப் புகைத்தடை விதி எழுதுகிறோம். கட்டடத்துக்குள் தடை என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. வெளியேயும் முழுத்தடை வேண்டும் என்று ஒரு தரப்பு. வெட்டவெளியில் புகைப்பது அவரவர் விருப்பம் என்று இன்னொரு தரப்பு. வெளியில் விடும் புகை எவ்வளவு தூரம் பாதிக்கும்? இருவருக்கும் நியாயமாக எப்படி எழுதுவது?

துகள்மானி:
எல்லாம் தூரத்தைப் பொறுத்தது. 2007-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் திறந்தவெளிப் புகையின் நுண்துகள்களை அளந்தார்கள். புகைப்பவருக்கு அரை மீட்டர் தள்ளி, காற்று புகையைக் கொண்டுவரும் பக்கம் இருந்தால் அறைக்குள் இருப்பதற்கு நிகரான அளவு வந்தது. ஒரே சிகரெட் என்றால் இரண்டு மீட்டருக்கு அப்பால் வெகுவாகக் குறைகிறது. அணைத்ததும் சட்டென்று இறங்கிவிடுகிறது. ஆனால் வாசலில் ஐந்தாறு பேர் கூடி நின்று புகைத்தால் இந்தக் கணக்கு செல்லாது. மேலே கூரை, மூன்று பக்கம் சுவர் உள்ள இடத்தை வெட்டவெளி என்று விதியில் எழுதிவிடாதீர்கள். அங்கே புகை தேங்கும்.

கட்டடப்பராமரிப்பு:
கதவு, திறக்கும் ஜன்னல், ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் ஆகிய மூன்றிலிருந்தும் தூரம் சொல்லுங்கள். லீட் பசுமைக் கட்டடச் சான்றிதழ் 7.5 மீட்டர் கேட்கிறது. இடமிருந்தால் 10 வையுங்கள். பலரும் கோட்டைவிடுவது அந்தத் துவாரத்தைத்தான். அதன் பக்கத்தில் புகைத்தால் நாற்றம் மாடி மாடியாகப் பரவும். ஏசியின் சாதாரண ஃபில்டர் புகைத்துகளில் ஒரு பகுதியைப் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும்.

சாம்பல் தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கூட்டம் நிற்கும். வாசலில் தொட்டியை வைத்துவிட்டு மேலே தடைப் பலகை மாட்டினால் யாரும் மதிக்கமாட்டார்கள். மணல் நிரப்பிய தொட்டியை எல்லைக்கு வெளியே வையுங்கள். மாற்று இடம் காட்டாமல் முழுத்தடை போட்டால் படிக்கட்டிலும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலும் ஒளிந்து புகைப்பார்கள். தீப்பிடிக்க அது போதும்.

நடுநிலை:
உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை (2005 முதல் நடைமுறையில்) உள்ளிடங்களைக் கட்டாயமாகச் சொல்கிறது. மற்ற பொது இடங்களை 'பொருத்தமானால்' என்று விட்டிருக்கிறது. நாடுகள் ஆளுக்கொரு கோடு போடுவது அதனால்தான். நியூயார்க் நகரம் 2011-இல் பூங்கா, கடற்கரை எல்லாவற்றிலும் தடை போட்டது. மிலான் நகரம் 2025-இல், பிறரிடமிருந்து 10 மீட்டர் விலக முடியாத இடங்களில் தடுத்தது. எனக்கு மிலான் வழிதான் நியாயமாகப் படுகிறது.

எந்த இடத்துக்கும் ஒரே கேள்வி: புகை பிடிக்காதவர் அங்கிருந்து விலகிப்போக முடியுமா? வரிசை, பேருந்து நிறுத்தம், குழந்தைகள் விளையாடும் இடம் இவற்றில் முடியாது, அங்கே முழுத்தடை. அகலமான திடலில் முடியும். அங்கே தூரம் போதும். குழந்தைகள் பார்த்துப் பழகுவார்கள் என்பதும் வலுவான காரணம்தான், ஆனால் அதைப் புகையின் தீங்கோடு போட்டுக் குழப்பாமல் தனியாகச் சொல்லுங்கள்.

புகைப்பழக்கத்தைக் கைவிட நினைப்பவருக்கும் விதியில் இடம் வேண்டும். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம் நிகோட்டின் கம் (சிகரெட்டுக்குப் பதிலாக மெல்வது), மற்றவர்களுக்கு 2. சாதாரண கம் போல மென்றுகொண்டே இருந்தால் நிகோட்டின் வயிற்றுக்குப் போய்க் குமட்டும். காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி கூடாது.