கிணத்தடி ஈரத்துல பாய்க்கோரை வளருமா?

பின்கட்டுக்காரி:
காரைக்குடி பக்கம் எங்க வீடு. வளவுல விழுற மழைத்தண்ணி, கிணத்தடித் தண்ணி எல்லாம் கொல்லையில ஒரு மூலையிலதான் போய் நிக்குது. கீரை போட்டேன் அழுகிருச்சு, கனகாம்பரமும் போச்சு, வருசம் முழுக்க சொதசொதன்னு கெடக்கு. அப்பத்தாவோட கோரைப்பாய் ஒண்ணு இன்னும் கிழியாம இருக்கு, அதப் பார்த்ததுல இருந்து அங்க கோரையே வச்சா என்னன்னு ஒரு ஆசை. வீட்டுல பேச்ச எடுத்தாலே "தோட்டமே போயிரும்"ங்கிறாங்க. நெசமா?

கண்மாய்க்கரை:
அவங்க பயப்படுறது கோரைக்கிழங்குக்கு அக்கா. அது களை, முத்து கோத்த மாதிரி மண்ணுக்கடியில கிழங்கு ஓடும், ஒண்ணு விட்டாலும் திரும்ப வந்துரும். பாய்க்கோரை வேற. தண்டை விரல்ல உருட்டிப் பாருங்க, மூணு பட்டையா இருந்தா அதான்.

வண்டல்:
தம்பி, களைக்கும் தண்டு மூணு பட்டைதான், அத வச்சு எடுத்தா ஏமாந்துருவாங்க. பாய்க்கோரை இடுப்புக்கு மேல நிக்கும், இலைன்னு பெருசா ஒண்ணும் இருக்காது, அடியில உறை மாதிரி சுத்தியிருக்கும், உச்சியிலதான் பூ. சம்பையும் கோரைன்னு தூக்கிட்டு வந்துராதீங்க, அது பட்டை இலை, பழுப்புக் கதிரு.

தூர் பிரிச்சு, வேரோட எடுத்து, தண்டை ஒரு சாணுக்கு நறுக்கி, ஒரு அடிக்கு ஒண்ணா சேத்துல அமுக்கி விடுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி வச்சா நீங்க தண்ணி ஊத்தவே வேணாம். செம்மண்ணுக்கு ரெண்டு கூடை கண்மாய் வண்டல் போட்டா ஈரம் நிக்கும். இதுவும் வேர்த்தண்டு விட்டுப் பரவத்தான் செய்யும், அதனால பழைய கிணத்து உறை இருந்தா பாதி பொதைச்சு அதுக்குள்ள வைங்க. தண்ணி தேங்க விடாதீங்க, கொசு வந்துரும், சேறா இருந்தாப் போதும்.

பின்கட்டுக்காரி:
உறை ரெண்டு சும்மாத்தான் கெடக்கு! இதுல பாய் முடைய முடியுமா அண்ணே?

வண்டல்:
ரெண்டு உறையில ஒரு தடுக்குக்கு வந்தாப் பெரிய விசயம் தாயி. பச்சையா வெட்டுன அன்னைக்கே நெட்டுக்குக் கீறி வெயில்ல போடணும், காயும்போது மழை பட்டா கறுத்துரும். பத்தமடையில பட்டுப்பாய்க்கு நாள்கணக்குல ஆத்துத் தண்ணியில ஊறப்போட்டு நூல் மாதிரி கீறுவாங்க, அந்தக் கை நமக்கு வராது.

பின்கட்டுக்காரி:
தடுக்கு போதும், பேத்தி உக்காரத்தான். நாத்துக்கு நம்ம கண்மாயில பார்க்குறேன், கிழங்கு வந்தா திரும்ப இங்கதான் வருவேன்.