பொருள்: பாரிட்டோன் கிதாருக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

ம.க. எழுதியது:
குழுவினருக்கு வணக்கம். இசைக்கருவிக் கடை ஒன்றுக்காக எலெக்ட்ரிக் பாரிட்டோன் கிதார்களை ஒப்பிடும் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வழக்கமான கிதாரைவிடக் கழுத்து நீளம், தந்தி தடிப்பு. அடித்தந்தியை ஈ (E) சுரத்துக்குப் பதில் பெரும்பாலும் பி (B), சிலர் ஏ (A) வரை இறக்குவார்கள். தந்தியின் நீளக் கணக்கில் (ஸ்கேல் லெங்த்) ஸ்குவையர் கப்ரோனிட்டா 27 அங்குலம். டேன்எலெக்ட்ரோவின் 56 மாடலும் கிரெட்ச் ஜெட்டும் 29.75. கருவிக்கு ஒரு சொல், ‘ஸ்கேல் லெங்த்’துக்கு ஒரு சொல் வேண்டும். முதலாவதற்கு ‘நெடுங்கிதார்’ சரிவருமா?

கு. எழுதியது:
சொல் அழகுதான். ஆனால் ஃபெண்டர் பேஸ் சிக்ஸை எங்கே வைப்பீர்கள்? 1961-இல் வந்தது, ஆறு தந்தி, 30 அங்குலம். டேன்எலெக்ட்ரோவுக்கும் அதற்கும் கால் அங்குலம்தான் வித்தியாசம். சுருதியோ கிதாருக்கு ஒரு முழு ஸ்தாயி கீழே. வாங்க வருபவர் குழம்பும் இடமே இதுதான். ‘நெடு’ அந்தக் குழப்பத்தைக் கூட்டும்.

தவிர, நீளம் பாதிக் கதைதான். 25.5 அங்குல கிதாரில் அதே தந்தியை ஈ-யிலிருந்து பி-க்கு இறக்கினால் இழுவிசை 56 விழுக்காடுதான் மிஞ்சும். தந்தி தொளதொளத்து ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோக மேடு) இரையும். 29.75-க்கு நீட்டினாலும் 76 விழுக்காடு வரைதான் மீளும். மீதியைத் தடித்த தந்திதான் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் 10–46 தந்தி செட்டுக்குப் பதில் 14–68 (தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போடுகிறார்கள்.

புலவர் செ. எழுதியது:
அன்பர்களே, பாரிட்டோன் கிரேக்கச் சொல். அதன் முன்பாதி ‘பரூஸ்’, கனம் என்று பொருள். இது நம் ‘பாரம்’ அன்றி வேறென்ன? ஆகவே ‘பாரத்தொனி யாழ்’ என்க. யாழ் இருக்கக் கிதார் ஏன்? இருபத்தொரு நரம்புப் பேரியாழை மறந்தோமா?

இ. எழுதியது:
ஐயா, மன்னிக்கவும். ‘பாரம்’ சுமத்தல் பொருள்தரும் வடமொழி வேரிலிருந்து வந்தது. ‘பரூஸ்’ என்பதற்கு உறவு வடமொழி ‘குரு’, அதாவது கனமானது. அந்தக் கணக்கில் ‘குருத்தொனி’ என்றுதான் ஆகும். ஆசிரமத்தில் வாசிக்கிற கருவி போல இருக்கிறது. தொனியும் வடமொழியே. அப்புறம், யாழின் நரம்புகளைத் திறந்தபடியே மீட்டுவார்கள். கழுத்தும் மெட்டும் (ஃப்ரெட்) உள்ள கிதாரை யாழ் என்பது பொருந்தாது.

வீணை ஆசிரியை எழுதியது:
சிலப்பதிகாரம் பேசும் மெலிவு, சமன், வலிவு (கீழ், நடு, மேல் ஸ்தாயி) இருக்கிறதே. ‘மெலிவுக் கிதார்’ எனலாம். இன்னும் நுட்பமாக வேண்டுமானால், ஈ-யைக் குரலாக (ச) வைத்துக்கொள்ளுங்கள்; கீழே இறங்கிய பி, மெலிவு இளி (கீழ் ப). ‘இளிக் கிதார்’ துல்லியமான பெயர்.

கு. எழுதியது:
அம்மா, கையேட்டில் ‘இளிக் கிதார்’ என்று போட்டால் கடைக்காரரே பல்லைக் காட்டுவார். ஏ-க்கு இறக்கினால் அது உழை (ம) ஆகிவிடும்; சுருதி மாற்றியதும் பெயரையும் மாற்றுவதா? மெலிவு என்றால் இன்றைக்கு ஒல்லி. வைத்திருப்பதோ 68 தந்தி.

ப. எழுதியது:
‘கட்டைச்சுருதிக் கிதார்’? கட்டைக்குரல் என்றால் பாமரனுக்கும் புரியும்.

இ. எழுதியது:
கட்டை என்றால் குட்டை என்றும் பொருள். நீளத்தால் பெயர்பெற்ற கருவிக்கா? பாட்டுக்காரர்களிடம் ‘ஐந்து கட்டை’ என்பது வேறு கணக்கு, சுருதியின் அளவு.

ம.க. எழுதியது:
நாளை கடைசி நாள். ‘தாழ்சுருதிக் கிதார் (பாரிட்டோன்)’ என்று முதல் இடத்தில் போட்டுவிட்டு, அப்புறம் எல்லா இடத்திலும் பாரிட்டோன் என்றே எழுதட்டுமா? ‘ஸ்கேல் லெங்த்’துக்கு ‘அதிர்நீளம்’ வைத்திருக்கிறேன். அந்தச் சொல் இல்லாமல் முக்கியமான பத்தியே நகராது: 25.5-இல் முதல் மெட்டு வரை தூரம் சுமார் 36 மி.மீ., 29.75-இல் 42. ஆறு மில்லிமீட்டர் கையை நீட்ட வேண்டும். கார்டு (பல தந்திகளை ஒருசேர) பிடித்து வாசிக்கிறவருக்கு 27 சுலபம். ஒற்றைத் தந்தியில் கணீரென்று மெட்டு வாசிக்கிறவருக்கு நீண்டதுதான் சுகம்.

ப. எழுதியது:
‘முதல் மெட்டு’, ‘மெட்டு வாசிக்கிறவர்’, ஒரே பத்தியில் இரண்டு மெட்டா? ஃப்ரெட் என்றே விடுங்கள். தாழ்சுருதிக்கு என் ஓட்டு.

வீணை ஆசிரியை எழுதியது:
மெட்டை விடக்கூடாது, இரண்டாவதை ‘ராகம்’ என்று மாற்றுங்கள். மற்றதற்குச் சரி.

புலவர் செ. எழுதியது:
தாழ் என்பது இழிவுக் குறிப்பு. ‘சுருதி’ தமிழும் அன்று. என் மறுப்பைப் பதிவு செய்க.

ம.க. எழுதியது:
பதிந்தாயிற்று ஐயா. கோப்பையும் அனுப்பியாயிற்று. இரண்டாவதைப் ‘பாட்டு’ என்று மாற்றிவிட்டேன்.

கு. எழுதியது:
தாமதத்துக்கு மன்னிக்கவும். ‘அதிர்நீளம்’ தப்பு. ஸ்கேல் லெங்த் என்பது நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தாங்கும் பட்டை) பன்னிரண்டாம் ஃப்ரெட் வரையிலான தூரத்தின் இருமடங்கு, வடிவமைப்புக் கணக்கு. தடித்த தந்திக்கு சுதி சுத்தமாக நிற்க குதிரையை (மறுமுனையில் தந்தி தாங்கும் பாலம்) சற்றுப் பின்தள்ளி வைப்போம். 27 என்று அச்சிட்ட கருவியில் பி தந்தி உண்மையில் அதிர்வது 27-க்கும் கூடுதல். ‘அளவுநீளம்’ என்று திருத்த இன்னும் வழியிருக்கிறதா?