எச் இண்டெக்ஸ் 6 தானேன்னு ப்ரமோஷன் இல்லன்னுட்டாங்க, அப்பீல்ல என்ன எழுதலாம்?

கரும்புத்தோட்டம் (டர்பன்):
வணக்கம். நான் இங்க தென்னாப்பிரிக்கால ஒரு யுனிவர்சிட்டில பூச்சியியல் லெக்சரர், மதுரைல இருந்து வந்து 9 வருஷம் ஆச்சு. என் வேலை முழுக்க எல்டானா மேலதான், கரும்புத் தண்டுக்குள்ள பூந்து குடையுற புழு, இந்த குவாசுலு நடால் மாகாணத்துல கரும்பு போடுற யாரக் கேட்டாலும் அதோட தொல்லைய சொல்வாங்க. போன மாசம் சீனியர் லெக்சரர் இன்டர்வியூ. போய் உக்காந்த உடனே ஸ்க்ரீன்ல ஸ்கோபஸ்னு பேப்பர் கணக்கு வெக்கிற தளத்துல இருக்கிற என் பக்கத்த போட்டாங்க, 14 பேப்பர், எச் இண்டெக்ஸ் 6, ஜர்னல் எல்லாம் இம்பாக்ட் ஃபேக்டர் 1, 2ன்னு இருக்குறது. கூட வந்தவர் கேன்சர் பயாலஜி, அவருக்கு எச் இண்டெக்ஸ் 19. அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு. 20 நிமிஷத்துல ஒருத்தர்கூட நீ என்னம்மா கண்டுபிடிச்சன்னு கேக்கல. கரும்ப முத்தவிடாம கொஞ்சம் முன்னாடியே வெட்டுங்கன்னு நான் தோட்டம் தோட்டமா போய் காட்டினது, அத கேட்டு சேதம் குறைஞ்சவங்க, இதெல்லாம் எந்த சைட்டேஷன், அதான் மேற்கோள் கணக்குல வரும்? மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. அப்பீல் பண்ண 3 வாரம் இருக்கு.

புத்தக அலமாரி:
தங்கச்சி, நான் யுனிவர்சிட்டி லைப்ரரில வேலை பாக்குறேன், இந்த கணக்கு எடுத்துக் குடுக்கிறதே என் வேலைதான், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

எச் இண்டெக்ஸ் ஹிர்ஷ்னு ஒரு ஃபிசிக்ஸ்காரர் 2005ல சொன்னது. 6ன்னா உங்க பேப்பர்ல 6 பேப்பர் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 6 தடவ மேற்கோள் ஆயிருக்கு, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு நம்பர் ஒரு ஆள முழுசா காட்டாது, துறைக்கு துறை ரொம்ப மாறும்னு அந்த பேப்பர்லயே அவரே எழுதிட்டார். கேன்சர்ல உலகம் பூரா ஆயிரக்கணக்கான லேப் ஒருத்தர ஒருத்தர் மேற்கோள் காட்டுது, ஒரு பேப்பர்ல 30 பேர் பேர் இருந்தா 30 பேருக்கும் அதே கணக்கு ஏறும். எல்டானா பத்தி எழுதுற ஆளுங்க உலகத்துலயே எத்தன பேர்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சதே தப்பு.

இம்பாக்ட் ஃபேக்டர் இன்னும் மோசம், அது உங்க நம்பரே இல்ல, ஜர்னலோட நம்பர். முந்தின ரெண்டு வருஷ பேப்பர்களுக்கு இந்த வருஷம் வந்த சைட்டேஷனோட சராசரி. ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ ன்னு ஒரு ஜர்னல், 2 சொச்சம் இருந்தது 2009 கணக்குல கிட்டத்தட்ட 50க்கு போச்சு. காரணம் ஷெல்ட்ரிக் 2008ல எழுதின ஒரே ஒரு கட்டுரை, அவரோட சாஃப்ட்வேர பயன்படுத்தினவங்க எல்லாம் அத மேற்கோள் காட்டினாங்க. அதே ஜர்னல்ல அந்த வருஷம் எழுதின மத்தவங்க பேப்பர் தரம் அதனால கூடிடுச்சா?

அப்பீல்ல ரெண்டு விஷயம் அவசியம் போடுங்க. ஒண்ணு சான்ஃப்ரான்சிஸ்கோ பிரகடனம், டோரான்னு சொல்வாங்க, 2012ல பேசி 2013ல வந்தது, ஆள எடுக்கவோ ப்ரமோஷனுக்கோ ஜர்னல் நம்பர வெச்சு முடிவு பண்ணாதீங்கன்றதுதான் அதோட முக்கியமான பேச்சே. உங்க யுனிவர்சிட்டி கையெழுத்து போட்டிருக்கான்னு அவங்க தளத்துலயே தேடலாம். இன்னொண்ணு 2015ல நேச்சர்ல வந்த லைடன் அறிக்கை, ஆராய்ச்சிய எப்படி அளக்கணும்னு 10 கொள்கை, உள்ளூருக்கு உதவுற ஆராய்ச்சிய காப்பாத்தணும்னு அதுல தனியாவே ஒண்ணு இருக்கு. உங்களுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி.

சாட்ஸ்வர்த் தாத்தா:
நான் ரிட்டயர் ஆன வாத்தியார்மா, எங்க ஆயா வீட்ல பேசின தமிழ்ல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோ. உன் வருத்தம் புரியுது, ஆனா நம்பரே வேணாம்னு மட்டும் எழுதிடாத. அபார்தைட், அதான் நிறவெறி ஆட்சி காலத்துல நம்ம ஆளுங்களுக்கு நம்பர் கேட்டவன் யாரு? கதவ சாத்திக்கிட்டு நாலு ப்ரொஃபசர் பேசுவாங்க, வெளிய வந்து இல்லம்பாங்க, ஏன்னு கேக்க வழியே கிடையாது. அப்ப என் கையில என் பேப்பர இத்தன பேர் படிச்சு எழுதியிருக்கான்னு காட்ட ஒரு காயிதம் இருந்திருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். உனக்கு இன்னிக்கு அந்த காயிதம் இருக்கு, அத சரியா படிங்கன்னு கேளு.

மாரிட்ஸ்பர்க்காரன்:
தாத்தா சொல்றது சரிதான், ஆனா எண்ணிக்கைய மட்டும் பிடிச்சா என்ன ஆகும்னும் பாக்கணும். இங்க அங்கீகாரம் உள்ள ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்தா அரசாங்கம் யுனிவர்சிட்டிக்கு மானியம் குடுக்குது, எத்தன பேப்பர்ன்றதுதான் கணக்கு. 2017ல மூட்டன், வாலண்டைன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பாத்தாங்க, 2005லேர்ந்து 2014 வரைக்கும் காசு வாங்கிட்டு எதையும் போடுற ஜர்னல்கள்ல நம்ம நாட்டு பேப்பர் 3,906, அதுக்கு போன மானியம் 10 கோடிலேர்ந்து 30 கோடி ராண்டுக்குள்ள இருக்கலாம்னு சொன்னாங்க. மக்கள் வரிப்பணம்! நானும் முன்ன வேலை பாத்த எடத்துல வருஷத்துக்கு மானியக் கணக்குல இத்தன பேப்பர் யூனிட் கொண்டான்னு நெருக்கினாங்க, அப்ப ஒரே ஆராய்ச்சிய மூணா பிச்சு போட்டேன், இப்பவும் அது உறுத்துது.

அக்கா, நீங்க என்ஆர்எஃப், அதான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, ஆராய்ச்சியாளர்களுக்கு குடுக்கிற ரேட்டிங்குக்கு போட்டீங்களா? ஏ, பி, சின்னு குடுப்பாங்களே. அதுல கடைசி 8 வருஷ வேலைய வெளியாளுங்க, அதே துறைல இருக்கிறவங்க, படிச்சுப் பாத்து எழுதுறாங்க. அந்த அறிக்கைங்க வந்தா கமிட்டி தட்ட முடியாது.

கரும்புத்தோட்டம் (டர்பன்):
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாத்தா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நம்பர் வேணாம்னு எழுத மாட்டேன். ரேட்டிங் இதுவரைக்கும் போட்டதில்ல, நமக்கெல்லாம் எங்கன்னு இருந்துட்டேன், அடுத்த தடவ கண்டிப்பா போடுறேன். லைப்ரரி அண்ணா, துறைக்கு துறை சரி பண்ணின கணக்கு ஏதோ இருக்காமே, அது எனக்கு கிடைக்குமா?

புத்தக அலமாரி:
இருக்கு. அதே துறை, அதே வருஷ பேப்பர்களோட ஒப்பிட்டு சொல்லும், உலக சராசரி 1. ஆனா 14 பேப்பருக்கு ஒரு பேப்பர் ஏறி இறங்கினாலே மாறிடும், அதனால சராசரிய மட்டும் போடாம ஒவ்வொரு பேப்பருக்கும் தனியா எடுங்க, உங்க லைப்ரரில சைவேல் (SciVal)னு இந்த கணக்கு எடுக்கிற கருவி இருந்தா அர மணி நேர வேலைதான். சாஸ்டான்னு சர்க்கரை தொழில்நுட்பக்காரங்க சங்கம் இருக்கே, அதோட மாநாட்டுத் தொகுப்புல நீங்க எழுதியிருந்தா அதையும் விடாம சேருங்க, கரும்புக்காரங்க படிக்கிறது அங்கதான். அப்புறம் தோட்டக்காரங்க ரெண்டு பேர்கிட்ட கையெழுத்தோட ஒரு கடிதம், எவ்வளவு ஹெக்டேர், முன்ன சேதம் எவ்வளவு, இப்ப எவ்வளவுன்னு. இந்த வாரமே போய் கேளுங்க, வெட்டு மும்முரமாயிடுச்சுன்னா அவங்கள பிடிக்க முடியாது.